சத்தம் கூடினால் நாதம் ஏன் மாறுகிறது?



இன்று நாம் பேச எடுத்துக்கொண்டிருப்பது மின்சாரக் கிட்டாரைப் பற்றி. இது இளைஞர்களின் சமாச்சாரம், நமக்கு என்ன என்று பெரியவர்கள் வானொலியை அடைத்துவிட வேண்டாம். வீட்டில் ஒரு பிள்ளை கிட்டார் வாங்கினால் அதை வாசிப்பவன் ஒருவன். கேட்பவர்களோ வீட்டார் அனைவரும், பக்கத்து வீட்டாரும்கூட. ஆகவே இது குடும்பத்தின் சமாச்சாரந்தான்.

தோட்டத்து வீடுகளில் அடிக்கடி எழும் வாக்குவாதம் ஒன்று உண்டு. "சத்தத்தைக் குறைடா" என்கிறார் தந்தை. "குறைத்தால் நன்றாக இல்லையே, அப்பா" என்கிறான் மகன். மகன் சாக்குச் சொல்கிறான் என்று தந்தை நினைக்கிறார். தந்தைக்கு இசை தெரியாது என்று மகன் நினைக்கிறான். உண்மை என்னவென்றால் இருவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. சத்தத்தைக் குறைத்தால் கிட்டாரின் நாதம் மாறத்தான் செய்கிறது. ஆனால், நல்ல நாதம் கிடைக்க வீடே அதிரவேண்டும் என்பது இல்லை. இந்த இரண்டையும் விளங்கிக்கொண்டால் பணமும் மிச்சம், காதும் மிச்சம்.

முதலில் இந்தக் கருவி எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். மரக் கிட்டாருக்கு வயிறு போன்ற ஒரு கூடு இருக்கிறது. கம்பியின் அதிர்வை அந்தக் கூடு வாங்கிப் பெரிதாக்குகிறது. மின்சாரக் கிட்டாரில் பெரும்பாலும் அப்படிப்பட்ட கூடு இல்லை, பலகைதான். கம்பிகளுக்கு அடியில் காந்தமும் அதைச் சுற்றிய மெல்லிய செம்புக் கம்பிச் சுருளும் இருக்கின்றன. இரும்புக் கம்பி அதிரும்போது சுருளில் மிகச் சிறிய மின்சாரம் பிறக்கிறது. அந்தச் சிறிய மின்சாரத்தைப் பெரிதாக்கி ஸ்பீக்கருக்கு அனுப்பும் பெட்டியைத்தான் நம் பிள்ளைகள் 'ஆம்ப்' என்கிறார்கள். இந்தப் பேச்சில் அதை நாம் 'பெட்டி' என்றே சொல்லிக்கொள்வோம்.

பெட்டியில் சத்தத்துக்கு ஒரு குமிழ், கனத்த ஒலிக்கு ஒரு குமிழ், கீச்சொலிக்கு ஒரு குமிழ் என்று தனித்தனியே இருக்கின்றன. அதனால், சத்தக் குமிழ் சத்தத்தை மட்டுமே மாற்றும் என்று நாம் எண்ணிவிடுகிறோம். அப்படியல்ல. அந்தக் குமிழைத் திருகும்போது மூன்று இடங்களில் நாதமும் சேர்ந்து மாறுகிறது. ஒன்று நம்முடைய காது, இரண்டாவது பெட்டியின் உள்ளே, மூன்றாவது ஸ்பீக்கர்.

காதிலிருந்து தொடங்குவோம். இதை நீங்கள் வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். இந்தப் பேச்சு முடிந்து பாட்டு வரும்போது வானொலியை நன்றாகக் கேட்கும்படி வையுங்கள். தபேலா, மிருதங்கம் இவற்றின் தொப்பி ஒலியைக் கவனியுங்கள். பிறகு, தூங்கும் குழந்தை விழிக்காத அளவுக்குச் சத்தத்தைக் குறையுங்கள். பாடுபவரின் குரல் இன்னும் கேட்கும். ஆனால் கனத்த ஒலிகள் எங்கோ ஒளிந்துகொள்ளும். வானொலி நிலையம் அவற்றை நிறுத்தவில்லை. உங்கள் காதுதான் அவற்றை விட்டுவிட்டது.

மனிதக் காது எல்லா ஒலிகளையும் ஒன்றுபோல் நடத்துவதில்லை. பேச்சு ஒலியின் நடுப்பகுதியை அது சன்னமாக இருந்தாலும் பிடித்துக்கொள்ளும். மிகக் கனத்த ஒலியையும் மிக மெல்லிய கீச்சொலியையும் பிடிக்க அதற்குக் கூடுதல் சத்தம் வேண்டும். சத்தம் கூடக்கூட இந்த வேற்றுமை குறைகிறது. அமெரிக்காவில் பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ஃபிளெட்சர், மன்சன் என்ற இரு அறிஞர்கள் 1933ஆம் ஆண்டில் இதை அளந்து வெளியிட்டார்கள். பழைய ஸ்டீரியோ பெட்டிகள் சிலவற்றில் 'லவுட்னஸ்' என்று ஒரு பொத்தான் இருந்தது நினைவிருக்கலாம். சன்னமாகக் கேட்கும்போது காது விட்டுவிடும் கனத்த ஒலியைக் கூட்டிக் கொடுப்பதுதான் அந்தப் பொத்தானின் வேலை.

கிட்டாரின் தடித்த கம்பி விநாடிக்கு ஏறத்தாழ 82 முறை அதிர்கிறது. இது கனத்த ஒலி. வீட்டில் சன்னமாக வாசிக்கும் பிள்ளைக்கு அந்த ஒலி போதாமல் தோன்றுகிறது. உடனே கனத்த ஒலிக் குமிழையும் கீச்சொலிக் குமிழையும் கூட்டுகிறான். வீட்டில் நன்றாக இருக்கிறது. சனிக்கிழமை தோட்டத்து மண்டபத்தில் அதே பெட்டியை அப்படியே கொண்டுபோய் வைத்துச் சத்தக் குமிழை மட்டும் திருப்புகிறான். கனத்த ஒலி பானைக்குள் பேசுவதுபோல் குமுறுகிறது. கீச்சொலி காதைக் குத்துகிறது. பெட்டி கெட்டுவிட்டதோ என்று பதறுகிறான். பெட்டியில் ஒரு குறையும் இல்லை. வீட்டுச் சத்தத்துக்கு வைத்த நாதம் மண்டபச் சத்தத்துக்குப் பொருந்தவில்லை, அவ்வளவுதான். எந்தச் சத்தத்தில் வாசிக்கப்போகிறோமோ அந்தச் சத்தத்தை முதலில் வைத்துக்கொண்டு, பிறகுதான் மற்றக் குமிழ்களைத் தொடவேண்டும். இது முதல் பாடம்.

இனிப் பெட்டியின் உள்ளே போவோம். இதற்கு நம் குரலையே உதாரணமாக எடுத்துக்கொள்ளலாம். அடுப்படியில் நின்று பேசும் தாயின் குரலும், மழை வரும் நேரத்தில் காயப்போட்ட துணியை எடுக்கச் சொல்லிக் கூவும் அதே தாயின் குரலும் ஒன்றா? சத்தம் மட்டுமா மாறுகிறது? கூவும்போது குரலில் ஒரு கரகரப்பும் இறுக்கமும் வந்துவிடுகின்றன. அந்தக் கூவலை ஒலிப்பதிவு செய்து, எவ்வளவு சன்னமாகப் போட்டுக் கேட்டாலும் அது கூவல் என்று நமக்குத் தெரிந்துவிடும். கூவலின் சத்தம் போனாலும் கூவலின் நாதம் போவதில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் பயன்படும்.

பழைய வானொலிகளில் இருந்த வால்வுகளைப் பெரியவர்கள் பார்த்திருப்பீர்கள். கண்ணாடிக் குழாய்க்குள் செக்கச்செவேல் என்று கனலும். கிட்டார்ப் பெட்டிகளிலும் ஆரம்பத்தில் வால்வுகளே இருந்தன. இன்றும் விரும்பிச் செய்து விற்கிறார்கள். சத்தத்தைக் குறைத்து வைத்திருக்கும்போது வால்வு, கிட்டார் கொடுத்ததை அப்படியே பெரிதாக்கித் தருகிறது. குமிழைத் திருகத் திருக, அதனால் கொடுக்கக்கூடிய எல்லை வந்துவிடுகிறது. அதற்குமேல் அலையின் முகடு உயர முடியாமல் நசுங்குகிறது. நசுங்கிய அலையில் புதிய ஒலிகள் பிறக்கின்றன. ஐந்தாம் கம்பி விநாடிக்கு 110 முறை அதிர்கிறது என்றால், அதன் மடங்குகளான 220, 330, 440 ஆகிய அதிர்வுகள் முன்னைவிட வலுப்பெறுகின்றன. நமக்கு அது தடித்த, கரகரத்த, நிறைந்த நாதமாகக் கேட்கிறது. முகடு மட்டும் நசுங்குவதால் கம்பியைத் தட்டிய முதல் வேகம் அடங்கி, பின்னால் வரும் ரீங்காரம் நீண்டு ஒலிப்பதுபோல் தோன்றுகிறது.

இந்த நசுக்கலை வால்வு பெரும்பாலும் மெல்ல மெல்லச் செய்கிறது. டிரான்சிஸ்டர் பெட்டி எல்லை வரும்வரை தெளிவாக ஒலித்து, எல்லையைத் தாண்டியதும் கத்தியால் வெட்டியதுபோல் முகட்டை வெட்டிவிடுகிறது. அதனால்தான் சாதாரண டிரான்சிஸ்டர் பெட்டியை முழுச் சத்தத்துக்குத் திருப்பினால் காதுக்கு இனிமை குறைகிறது. இப்போதோ வால்வின் இந்தக் குணத்தைக் கணக்குப் போட்டுப் போலிசெய்து தரும் கணினிப் பெட்டிகளும் வந்துவிட்டன. அவற்றில் சன்னமான சத்தத்திலேயே கரகரத்த நாதத்தைப் பெறலாம்.

இந்த நாதத்தை யாரும் திட்டமிட்டு உண்டாக்கவில்லை. பெட்டி செய்தவர்கள் தெளிவான ஒலியைத்தான் விரும்பினார்கள். சத்தம் போதவில்லை என்பதே அன்றைய பிரச்சினை. இங்கிலாந்தில் வாக்ஸ் என்ற பெயரில் வந்த 15 வாட் பெட்டியை ஷாடோஸ் குழுவினர் பயன்படுத்தினார்கள். ரசிகர்களின் கூச்சலுக்கு ஈடுகொடுக்க அது போதாமல், 1959ஆம் ஆண்டு வாக்கில் ஏசி 30 என்ற 30 வாட் பெட்டி பிறந்தது. கிளிஃப் ரிச்சர்டும் ஷாடோஸ் குழுவும் 1961ஆம் ஆண்டில் சிங்கப்பூர் வந்து வாசித்தபோது நம் வட்டாரத்து இளைஞர்கள் பலர் கிட்டார்மேல் மோகம் கொண்டார்கள். அடுத்து வந்த ஆண்டுகளில் 'பாப் யே யே' இசை மலாயாவிலும் சிங்கப்பூரிலும் பரவியது. அத்தகைய கிட்டார்க் குழுக்களை மலாய் மொழியில் 'குகிரான்' என்றார்கள்.

சத்தப் போட்டி அத்துடன் நிற்கவில்லை. 1965ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் நியூயார்க்கில் ஷே விளையாட்டரங்கில் 55,000 பேருக்குமேல் கூடிய கூட்டத்தின் முன் பீட்டில்ஸ் குழு வாசித்தது. அதற்கென்று 100 வாட் பெட்டிகள் கொண்டுபோனார்கள். அப்படியும் கூட்டத்தின் கூச்சலில் இசை அமுங்கிப்போயிற்று.

இதே காலத்தில் லண்டனில் டிரம் வாத்தியக் கடை நடத்திய ஜிம் மார்ஷல், வாடிக்கையாளர்களான இளைஞர்களின் வேண்டுகோளுக்காக 1962ஆம் ஆண்டில் பெட்டி செய்து விற்கத் தொடங்கினார். அமெரிக்காவின் ஃபெண்டர் நிறுவனத்துப் பெட்டி ஒன்றே அதற்கு மாதிரி. 1966ஆம் ஆண்டில் எரிக் கிளாப்டன் என்ற இளைஞர், ஜான் மேயல் குழுவின் இசைத்தட்டுக்காக ஒரு மார்ஷல் பெட்டியை ஒலிப்பதிவுக் கூடத்துக்குள் கொண்டுபோனார். கூடத்தில் சத்தத்தைக் குறைத்து வாசிப்பதுதான் அன்றைய வழக்கம். அவரோ மேடையில் வைப்பதுபோலவே சத்தமாக வைத்து வாசித்தார். ஒலிப்பதிவாளர்களுக்குச் சங்கடம், ஆனால் கிட்டார் வாசிப்பவர்களுக்கு அந்த இசைத்தட்டு ஒரு பாடமாயிற்று. பெட்டியை உச்சத்துக்கு ஏற்றினால் இப்படியும் ஒரு நாதம் வரும் என்று உலகம் அறிந்துகொண்டது.

மூன்றாவது இடம் ஸ்பீக்கர். கிட்டார்ப் பெட்டியின் ஸ்பீக்கர் பெரும்பாலும் 10 அங்குலம் அல்லது 12 அங்குலக் காகிதக் கூம்பு. சன்னமாக வாசிக்கும்போது கூம்பு சிறிதே அசைகிறது. சத்தம் கூடும்போது அது முன்னும் பின்னும் வேகமாகத் தள்ளப்பட்டு, தன் பங்குக்குக் கொஞ்சம் கரகரப்பைச் சேர்க்கிறது. இன்னும் கூட்டினால் பெட்டியின் ஒலியே கிட்டார்க் கம்பிகளைத் திரும்ப அதிரச் செய்கிறது. கம்பி அதிர, பெட்டி ஒலிக்க, அந்த ஒலி மறுபடி கம்பியை அதிரச் செய்ய, ரீங்காரம் ஓயாமல் நீள்கிறது. அளவோடு இருந்தால் அதுவும் இசை. அளவு மீறினால் ஊளை.

ஸ்பீக்கரைப் பற்றி இன்னொரு செய்தி. கீச்சொலி ஸ்பீக்கருக்கு நேர் எதிரேதான் அதிகமாகப் பாய்கிறது, பக்கவாட்டில் குறைவு. பெட்டியைத் தரையில் வைத்துவிட்டு அதன் அருகே நின்று வாசிப்பவரின் முழங்காலுக்குத்தான் கீச்சொலி கேட்கிறது! "கூர்மை போதவில்லை" என்று அவர் குமிழைக் கூட்டுவார். எதிரே முதல் வரிசையில் அமர்ந்திருக்கும் பாட்டிமார்களுக்குத்தான் தண்டனை. பெட்டியை ஒரு நாற்காலிமேல் ஏற்றியோ, பின்புறம் சாய்த்து ஸ்பீக்கர் தம் காதைப் பார்க்கும்படி வைத்தோ வாசித்தால் இந்தத் தவறு நேராது. அறையின் மூலையில் வைத்தால் கனத்த ஒலி கூடும் என்பதையும் கவனியுங்கள்.

இப்போது பணத்துக்கு வருவோம். 100 வாட் பெட்டி 50 வாட் பெட்டியைவிட இரண்டு மடங்கு சத்தம் தரும் என்று எண்ணி, மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்த வெள்ளியைக் கொட்டிப் பெரிய பெட்டி வாங்குகிறார்கள். கணக்கு அப்படி இல்லை. வாட் இரண்டு மடங்கானால் ஒலி 3 டெசிபல்தான் கூடுகிறது. காதுக்கு அது சிறிய வேற்றுமை. காதுக்குச் சத்தம் இரண்டு மடங்காகத் தோன்ற வாட் ஏறத்தாழ 10 மடங்காக வேண்டும். 5 வாட் பெட்டியின் சத்தத்தைப்போல் இரண்டு மடங்கு வேண்டுமானால் ஏறத்தாழ 50 வாட் தேவை. இதையே திருப்பிப் பாருங்கள்: 50 வாட் பெட்டியின் சத்தத்தில் பாதியளவை 5 வாட் பெட்டியே தந்துவிடும். ஒரு சிறிய வீட்டுக்கு அதுவே மிகை.

இங்கேதான் நாம் முன்பு சொன்ன கூவல் உதாரணம் உதவுகிறது. நாதத்தைத் தருவது பெட்டி தன் எல்லையைத் தொடுவது. எல்லை பெரியதா சிறியதா என்பது அல்ல. பெரிய பெட்டி தன் எல்லையைத் தொடும்போது கூரைத் தகரம் அதிரும். சிறிய பெட்டி மிகக் குறைந்த சத்தத்திலேயே தன் எல்லையைத் தொட்டுவிடும். 1966இல் பெட்டியை உச்சத்துக்கு ஏற்றி வாசித்த அதே எரிக் கிளாப்டன், 1970ஆம் ஆண்டில் 'லைலா' இசைத்தட்டை ஒலிப்பதிவு செய்தபோது ஃபெண்டர் நிறுவனத்தின் 'சேம்ப்' என்ற சின்னஞ்சிறு பெட்டியைப் பயன்படுத்தினார். அதன் ஆற்றல் 5 வாட் அளவுதான். இசைத்தட்டைக் கேட்பவருக்கோ அது பெரிய நாதமாகவே கேட்கிறது. ஒலிவாங்கியைப் பெட்டியின் அருகே வைத்துவிட்டால், பெட்டி பெரியதா சிறியதா என்று இசைத்தட்டு சொல்வதில்லை.

பெட்டி செய்பவர்களும் இதற்கு வழி கண்டார்கள். மார்ஷல் நிறுவனம் 1975ஆம் ஆண்டில் தன் பெட்டியில் இரண்டு சத்தக் குமிழ்களை வைத்தது. முதற்குமிழ் பெட்டியின் முற்பகுதியைக் கரகரக்கச் செய்யும். கடைசிக் குமிழ் வெளியே போகும் சத்தத்தைக் கட்டுப்படுத்தும். இன்று பெரும்பாலான பெட்டிகளில் இந்த ஏற்பாடு இருக்கிறது. உங்கள் பிள்ளையின் பெட்டியில் 'கெயின்' என்றும் 'மாஸ்டர்' என்றும் எழுதியிருந்தால் அவை இவைதாம். முன்னதைக் கூட்டிப் பின்னதைக் குறைத்தால் சன்னமான சத்தத்திலும் நிறைந்த நாதம் கிடைக்கும். பெரிய வால்வும் ஸ்பீக்கரும் உழைக்கும்போது வரும் முழு நாதம் இதில் வராது என்பது உண்மை. ஆனால் வீட்டில் பயிற்சி செய்ய இது தாராளமாகப் போதும்.

கிட்டாரிலும் ஒரு சத்தக் குமிழ் இருக்கிறது. அதைப் பலர் தொடுவதே இல்லை. பெட்டியைக் கரகரப்பாக வைத்துக்கொண்டு, பாடகர் பாடும்போது கிட்டாரின் குமிழைச் சற்றுக் குறைத்தால் கரகரப்பு அடங்கித் தெளிவான நாதம் வரும். தனி வாசிப்பு வரும்போது மீண்டும் கூட்டிக்கொள்ளலாம். பல கிட்டார்களில் இப்படிக் குறைக்கும்போது கீச்சொலி சற்று மங்கும். அது பழுதல்ல, குமிழும் நீண்ட கம்பியும் சேர்ந்து செய்யும் வேலை.

இறுதியாக, எல்லாவற்றிலும் முக்கியமான காதைப் பற்றிச் சொல்லவேண்டும். பெட்டி கெட்டால் வேறு வாங்கலாம். காதின் உள்ளே ஒலியை உணரும் நுண்ணிய மயிரணுக்கள் கெட்டால் அவை மீண்டும் முளைப்பதில்லை. செம்பனை எண்ணெய் ஆலையில் வேலை செய்பவர்களுக்கு இது புதிய செய்தி அல்ல. நம் நாட்டின் 2019ஆம் ஆண்டு இரைச்சல் விதிகளின்படி, வேலையிடத்தில் ஒரு நாளைய இரைச்சலின் எல்லை 85 டெசிபல். எட்டு மணி நேரத்துக்கு அதுவே எல்லை. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகவேண்டும் என்பது அறிஞர்கள் சொல்லும் கணக்கு. 88 டெசிபலுக்கு நான்கு மணி நேரம். 91க்கு இரண்டு மணி. 94க்கு ஒரு மணி. 100க்குக் கால் மணி நேரம். கிட்டாரும் டிரம்மும் முழங்கும் மேடை 100 டெசிபலை எளிதில் எட்டிவிடும். ஆலையில் காதை மூடிக்கொள்ளும் தந்தையின் பிள்ளை, மண்டபத்தில் காதைத் திறந்துவைத்து மணிக்கணக்கில் வாசிப்பது நியாயமா?

அளவுகோல் கையில் இல்லையே என்று கவலை வேண்டாம். கையெட்டும் தூரத்தில் நிற்பவரிடம் குரலை உயர்த்திப் பேசவேண்டியிருந்தால் இரைச்சல் எல்லையைத் தாண்டிவிட்டது என்று கொள்ளலாம். வாசித்து முடித்தபின் காதில் 'ங்ஙொய்' என்று ஓசை கேட்டால் அது காது கொடுக்கும் எச்சரிக்கை. நாம் மேலே சொன்ன எரிக் கிளாப்டன், தமக்குக் காது கேட்பது குறைந்து வருவதையும் காதில் ஓயாத இரைச்சல் இருப்பதையும் 2018ஆம் ஆண்டில் வானொலிப் பேட்டி ஒன்றில் வெளிப்படையாகச் சொன்னார். காது மங்கிய வாசிப்பாளருக்குக் கீச்சொலி போதாமல் தோன்றும். அவர் மேலும் கூட்டுவார். காது மேலும் மங்கும். நாதத்தைத் தேடிப் போய் நாதத்தை உணரும் கருவியையே இழப்பது அறிவுடைமை ஆகாது.

ஆகவே, கிட்டார் வாசிக்கும் பிள்ளைகளுக்கு நாம் சொல்வது இதுதான். வீட்டுக்குச் சிறிய பெட்டியே போதும். கடையில் வாங்கும்போது, வீட்டில் என்ன சத்தத்தில் வாசிப்பீர்களோ அந்தச் சத்தத்தில் வாசித்துப் பார்த்து வாங்குங்கள். இடம் மாறினால் குமிழ்களைப் புதிதாக வையுங்கள். பெட்டியை உங்கள் காதைப் பார்க்க வையுங்கள். மேடை ஏறினால் மருந்துக் கடையில் விற்கும் காதடைப்பானைப் போட்டுக்கொள்ளுங்கள். பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை: "சத்தத்தைக் குறை" என்பதோடு நிறுத்தாமல், "கெயினைக் கூட்டி மாஸ்டரைக் குறை" என்று சொல்லிப் பாருங்கள். பிள்ளை திடுக்கிட்டுத் திரும்பிப் பார்ப்பான்; சொன்னதைக் கேட்கவும் செய்வான்.